மேட்டு மனையைப் பள்ளத்து மனைக்கு மாற்றித் தரக் கோருவது

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மூத்த மருமகன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகளும் உடலளவில் நலம்; மனத்தளவில் எப்படி என்பதைக் கீழே விரிவாகக் கூறவிருப்பதால் இப்போதைக்கு ஒதுக்கிவைக்கிறேன். தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாங்கள் தங்கள் நிலத்தை இரு மகள்களுக்கும் சரிபாதியாக எழுதிவைத்தீர்கள். தானப் பத்திரத்தை வரைந்தவன் நான். மூத்த மருமகன் என்ற முறையில், முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன். மேட்டுப் பாதியை எடுத்தேன். காற்று வரும், வழக்கறிஞர் வீடு என்றால் நாலு பேர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பவை என் காரணங்கள். பள்ளத்துப் பாதி, சைக்கிள் பழுதுபார்க்கும் என் சகலைக்குப் போயிற்று. அன்று அவர்மேல் எனக்கு இரக்கம்கூட இருந்தது. இன்று இருப்பது பொறாமை. பொறாமையை எந்தச் சட்டமும் குற்றமாக வரையறுக்கவில்லை என்பதால் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

மேட்டில் முந்நூறு அடி துளைத்தும் எனக்குக் கிடைத்தது புழுதி. பள்ளத்தில் நாற்பதாவது அடியில் கற்கண்டாய்த் தண்ணீர். சகலை வாசலில் ஒரு குழாயை வைத்து எல்லாருக்கும் திறந்துவிட்டார். தண்ணீருக்கு ஆள் வந்தது. ஆள் சேர்ந்ததும் வரிசை வந்தது. வரிசையில் நிற்பவர் உட்கார ஒரு பலகை வந்தது. பலகையில் உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா, டீக்கடை வந்தது. டீ குடித்துக்கொண்டே தாடையைத் தடவிப் பார்த்தவர்களுக்காக முடிதிருத்துபவர் வந்தார். மேடேற மூச்சு வாங்கிய பேருந்து அங்கேயே நின்று திரும்பத் தொடங்கியது. மனித இனம் ஆற்றங்கரைகளில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்ததைச் சகலையின் குழாயடி ஐந்தே ஆண்டில் செய்து முடித்துவிட்டது. இதில் அவர் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? பஞ்சர் ஒட்டுபவர் மாமா, பஞ்சர்! நிலம் தாழ்ந்து கிடந்தது, தண்ணீர் தங்கியது, நாகரிகம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். என் பக்கம் ஏறி வந்தவை இரண்டு ஆடுகள். அவையும் தாகம் எடுத்ததும் இறங்கிப் போய்விட்டன.

அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் குடம் வைப்பதில் சண்டை வந்தது. சண்டை வந்தால் நீதி வேண்டும் அல்லவா? டீக்கடைக்காரரும் முடிதிருத்துபவரும் பலகையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்கள். முதலில் குடம், பிறகு வேலி, இப்போது சொத்துத் தகராறு வரை வந்தாயிற்று. போன வாரம் எல்லை வழக்குக்காக என்னைப் பார்க்கக் கிளம்பிய கட்சிக்காரர், வழியில் தண்ணீர் குடிக்க நின்றிருக்கிறார். எதிராளியும் அதே குழாயில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். "கீழயே பேசி முடிச்சுட்டோம் சார்! அவரு ஒரு முழம் விட்டாரு, நான் ஒரு முழம் விட்டேன். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்று பள்ளத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, எதிராளியின் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு போனார்.

நானே இறங்கிச் சென்று, இடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று சகலையிடம் கேட்டேன். "அண்ணே, நீங்கதானே பார்த்துப் பார்த்து எடுத்தீங்க? காத்தெல்லாம் நல்லா வருதுல்ல?" என்றார். பலகை முழுவதும் சிரித்தது. தங்கள் மகளும் அதில் ஒருத்தி. காலையில் குடத்தோடு இறங்கினால் மதியம்தான் ஏறி வருகிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்றால், "மேல வந்து என்ன பண்ண? நீங்க வாதாடுறதுக்கு நான்தான் கிடைச்சேனா?" என்கிறாள்.

ஆகவே, தாங்கள் இளைய மருமகனை அழைத்துப் பேசி, இரு பாதிகளையும் மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். புதிய பத்திரம் தயார். இம்முறை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவருக்கே விட்டுத்தருகிறேன், அவர் மேட்டைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு.

அத்தைக்கு என் வணக்கம். தாங்கள் நீண்ட நாள் நலமாக இருந்து, குறைந்தபட்சம் இந்த மாற்றுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திடும் வரையாவது, முடிந்தால் அதன் பின்னும் பல்லாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை எதிர்நோக்கும்
மூத்த மருமகன்

பின்குறிப்பு: இதை அஞ்சலில் சேர்ப்பதற்குள் மூன்று நாள் விடாத மழை. பள்ளத்தில் இடுப்பளவு வெள்ளம். முதலில் சகலையும் கொழுந்தியாளும் வந்தார்கள். பின்னாலேயே டீ பாய்லர், பலகை, முகம் பார்க்கும் கண்ணாடி, குடங்கள், வரிசை எல்லாம் மேடேறிவிட்டன. என் வராந்தாவில் டீ கொதிக்கிறது. சட்டப் புத்தக அலமாரியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முடிவெட்டு நடக்கிறது. "கொடுத்து வெச்சவருண்ணே நீங்க! ஒரு சொட்டு உள்ள வரலையே!" என்றார் சகலை. அவர் முகத்தில் தெரிந்தது பொறாமையேதான். அதில் எனக்கு அனுபவம் உண்டு. போர்வை யாருக்கு என்ற தகராறை நேற்று என்னிடமே கொண்டுவந்தார்கள். தீர்ப்புச் சொன்னேன், இரு தரப்பும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டன. தங்கள் மகள் மூன்று நாளாக வீட்டிலேயே இருக்கிறாள். எனவே மேற்கண்ட கோரிக்கையை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். கடிதத்தைக் கிழித்திருக்கலாம், கையெழுத்திட்ட ஆவணத்தைக் கிழிப்பது என் வழக்கமன்று. மழை இன்று காலை நின்றுவிட்டது. வெள்ளம் வடிவதற்கு இடைக்காலத் தடை பெற வழியுண்டா என்று பழைய தீர்ப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.