இலவச ஸ்கிரீன் ரெக்கார்டரும் ஆதம்பாக்கம் பனிமலையும்

தலையே போனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆதம்பாக்கம் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

ஆதம்பாக்கத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அங்கே என் மச்சினன் ஸ்ரீவத்சன் குடியிருக்கிறான். அதற்கு ஆதம்பாக்கம் என்ன செய்யும், பாவம்! பயல் சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்திருந்தான். ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்கட்டியைக்கூட விட்டுவைக்காமல் படம் பிடித்திருந்தான். குடும்பம் மொத்தத்தையும் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, பெரிய டி.வி.யில் ஒவ்வொன்றாகக் காட்டப் போகிறானாம். அவியலுக்கு ஆசைப்பட்டு யாராவது பனியில் உறைவார்களா?

போகாமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். அதை என் மனைவி காமாக்ஷியே சனிக்கிழமை காப்பியோடு கொண்டுவந்து கொடுத்தாள்.

காமாக்ஷி மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். பரீட்சை நெருங்குகிறது, பாடங்களை வீடியோவாக எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவு போட்டிருந்தார்.

"ஏன்னா, லேப்டாப்ல நான் கணக்குப் போடறதையும் பேசறதையும் சேர்த்துப் பதிவு பண்ண ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டர் வேணும். இலவசமா இருக்கணும். திங்கக்கிழமை வீடியோ குடுத்தாகணும்."

"காமு, அவசரப்பட்டு எதையாவது டவுன்லோடு பண்ணிடாதே. வைரஸ் வரும். இதெல்லாம் ஆராய்ஞ்சு பண்ண வேண்டிய காரியம்."

"எத்தனை நாழி ஆகும்?"

"நாளைக்குப் பூரா ஆகும்."

"நாளைக்கு வத்சன் ஆத்துக்குப் போகணுமே?"

நான் பெருமூச்சு விட்டேன். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பெருமூச்சு. "என்ன பண்றது? குழந்தைகளோட எதிர்காலமா, ஆல்ப்ஸ் மலையானு பார்த்தா... போகட்டும், நான் தியாகம் பண்றேன். நீ மட்டும் போயிட்டு வா."

சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"சரி," என்றாள்.

"சரியா?"

"சரிதான். தயிர்சாதம் பிசைஞ்சு வெச்சுட்டுப் போறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரே வார்த்தையில் சரி என்றது அதுதான் முதல் தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பட்டுப்புடவை சரசரக்கக் கிளம்பிப் போனதும், என் லேப்டாப்பைத் திறந்து ஆராய்ச்சியில் இறங்கினேன். இலவசம் என்று கூவிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் புண்ணியவான்கள்!

முதலாவது அருமையாகப் பதிவு செய்தது. ஆனால் திரைக்கு நட்ட நடுவே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டது. எக்ஸின் மதிப்பைக் கண்டுபிடிப்பதுதான் பாடம். இங்கே எக்ஸையே கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாவது, நான் கேள்வியை வாசித்து முடித்ததும் நின்றுவிட்டது. 'மேலே பேசப் பணம் கட்டவும்' என்றது. பேச்சைப் பாதியில் நிறுத்தும் வசதி எங்கள் வீட்டில் ஏற்கெனவே இலவசமாக இருக்கிறது.

மூன்றாவதற்கு என் குரல் பிடிக்கவில்லை. தெருவில் போன வண்டியின் ஒலிபெருக்கிதான் பிடித்திருந்தது. திரையில் இருபடிச் சமன்பாடு. காதில், "கோலமாவு! கோலமாவேய்!"

நான்காவதுதான் தங்கம். திரை பளிச்சென்று விழுந்தது. மூலையில் ஒரு வட்டத்துக்குள் என் திருமுகமும் தெரிந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாணவச் செல்வங்களே!" என்று ஆரம்பித்தேன். வாசல் மணி அடித்தது.

எதிர் ஃப்ளாட் ஜவஹர். திருநெல்வேலிக்காரர், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கையில் மிக்சர் பொட்டலம்.

"நம்ம வீட்டு நெட்டு படுத்துட்டு சார். உங்க வீட்ல கிரிக்கெட் பார்க்கலாமா? ஏதோ வேலையா இருக்கீய போலயே?"

"ஸ்கிரீன் தேடிண்டிருந்தேன் ஜவஹர். நல்லதா, இலவசமா ஒண்ணு."

"ஸ்கிரீனா? என்ன சார், கடைக்கு வந்து ஜன்னல் அளவைச் சொன்னா நானே தைச்சுத் தர மாட்டேனா?"

"அந்த ஸ்கிரீன் இல்லய்யா!" என்று விளக்குவதற்குள் மேட்ச் ஆரம்பித்துவிட்டது. லேப்டாப்பிலேயே போட்டேன். இருவரும் தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டோம்.

"டீச்சரம்மா எங்கே சார்?"

"ஆதம்பாக்கத்துல பனிமலை பார்க்கப் போயிருக்கா. இந்த வேலை ஒரு காப்பி ஆறறதுக்குள்ள முடிஞ்சுடும். நாள் பூரா ஆகும்னு சொல்லி நைசா நழுவிட்டேன்."

"நம்பிட்டாகளா?"

"கணக்கு டீச்சர்தானே? மனக்கணக்கெல்லாம் நம்மகிட்டதான்!"

ஜவஹர் மிக்சர் புரையேறச் சிரித்தார். மேட்ச் முடிந்து அவர் போனபோது நம்ம டீமும் ஜெயித்திருந்தது. நானும் ஜெயித்திருந்தேன்.

சாயங்காலம் காமாக்ஷி வந்தாள். தலைமயிரைக் கலைத்துக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. முதுகு ஒடிஞ்சுபோச்சு. இந்தா, நீயே பாரு, மாதிரிப் பாடம்."

கடைசியாகப் பதிவான வீடியோவைத் தட்டினேன். வட்டத்துக்குள் நான் தோன்றி, "மாணவச் செல்வங்களே!" என்றேன். மணி அடித்தது. நான் எழுந்து போனேன். அப்போதுதான் உறைத்தது. படுபாவி நான், பதிவை நிறுத்தவே இல்லை! மேட்ச் முடிந்து லேப்டாப்பை மூடியபோதுதான் அது தானாக நின்றிருக்கிறது.

நிறுத்தப் பாய்ந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். கிரிக்கெட் வந்தது. வட்டத்துக்குள் ஜவஹரின் தலையும் வந்தது. மிக்சர் வந்தது. நைசா நழுவிட்டேன் வந்தது. மனக்கணக்கும் வந்தது.

சோபாவுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். காமாக்ஷி கத்தவில்லை. கொஞ்சம் தலையைச் சாய்த்து, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு பார்த்தாள்.

"படம் தெளிவா இருக்கு. குரலும் தெளிவா இருக்கு. மிக்சர் கடிக்கற சத்தம்கூடக் கேக்கறது."

"அப்போ இதையே வெச்சுக்கறயா?" என்றேன், ஈனசுரத்தில்.

"எனக்கெதுக்கு? என் லேப்டாப்லயே ரெக்கார்டர் இருக்கே. போன மாசத்துலேர்ந்து அதுலதான் பாடம் எடுத்துண்டிருக்கேன். திங்கக்கிழமை குடுக்க வேண்டியதை வெள்ளிக்கிழமையே குடுத்தாச்சு."

"பின்னே என்னை எதுக்குத் தேடச் சொன்னே?"

"வத்சன் சிங்கப்பூர் போயிட்டு வந்து படம் போட்டானே, ஞாபகம் இருக்கா? அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள ஒவ்வொரு படத்துக்கும் நீங்கதான் விளக்கம் சொன்னேள். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டைத் தாண்டாத மனுஷர்! இந்தத் தடவை, 'அக்கா, அத்திம்பேரை எப்படியாவது ஆத்துலயே விட்டுட்டு வந்துடு'ன்னு அழாத குறையாக் கெஞ்சினான். உங்களை எப்படி நிறுத்தறதுன்னு முழிச்சு, கடைசில இந்த ரெக்கார்டரைத் தூண்டிலாப் போட்டேன். தியாகம் பண்றேன்னு நீங்களே வந்து நின்னேள்."

புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு உள்ளே போனவள், வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"ஆங், சொல்ல மறந்துட்டேன். அடுத்த மாசம் அவன் பொண்ணு மஹதிக்கு நிச்சயதார்த்தம். அன்னிக்கு அத்திம்பேர் என்ன சாஃப்ட்வேர் தேடப் போறார்னு வத்சன் கேக்கச் சொன்னான்."