பச்சைப் படத்தின் முன்னால் பாக்கியிருக்கும் சண்டை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் மகளும் நலம். அங்கு தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாம் பேசிக்கொள்வதில்லை என்பதால் நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. பேச்சுவார்த்தை இல்லாத ஒருவருக்கு 'நீ' போட்டு எழுதுவது முறையல்ல என்றுதான் 'தாங்கள்' போட்டிருக்கிறேன். இதை மரியாதை என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கோபம்தான்.

தாங்களும் நானும் கலைக்கூடத்தில் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும் மோதிக்கொள்ளப் போகிறோம் என்று ஒரு செய்தி தங்கள் காதுக்கு வந்திருக்கும். இந்த வதந்தியைக் கிளப்பியவன் கையில் கிடைத்தால் என்ன செய்வது என்று தாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கிளப்பியது நான்தான். கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படிக்கவும்.

என் மகள், அதாவது தங்கள் அருமை மருமகள், கலைக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருப்பது தெரியும். ஒரு வருஷமாக மெயில் மேல் மெயில் போட்டு, நாடு நாடாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு சர்வதேச ஓவியக் கண்காட்சியை அவள் இங்கே வரவழைத்தாள். செலவில் பாதி கலைக்கூடம், மீதி ஒரு மெத்தைக் கம்பெனி முதலாளி. திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம், ஏனென்றால் டிபன் போட்டார்கள். மறுநாளிலிருந்து ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சம்பளமில்லாமல் டிக்கெட் கிழிக்க உட்கார்ந்திருந்தவன் நான். பஸ் டிப்போவில் டைம் கீப்பராகவே காலம் தள்ளியவனுக்குக் காலி பஸ் கிளம்புவதைப் பார்க்கவே பொறுக்காது, இதுவோ கிளம்பவே கிளம்பாத காலி பஸ். சரி, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று ஆட்டோவில் மைக் கட்டி 'கண்காட்சி, கண்காட்சி' என்று ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு போனேன், ஒரு குடும்பம் குழந்தை குட்டியோடு வந்து இறங்கி "ராட்டினம் எங்க சார்?" என்று கேட்டது, ராட்டினம் இல்லை படம்தான் என்றேன், "சினிமாவா?" என்றார்கள், இல்லை சுவரில் மாட்டிய படம் என்றதும் ஆட்டோ காசை என்னிடமே கேட்டார்கள், அப்புறம் இலவசமாக டீ கொடுத்துப் பார்த்தேன், டீயை வாசலிலேயே குடித்துவிட்டுக் கப்பைப் பூந்தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள், உள்ளே வந்தது மொத்தம் ஏசிக்காக வந்த ஒரு கூரியர்க்காரரும், வீட்டுக்குத் தெரியாமல் சந்திக்க இடம் தேடிய ஒரு ஜோடியும்தான், அந்த ஜோடியும் என்னைப் பார்த்தால் யாரோ மாமா மாதிரி இருக்கிறது என்று மறுநாள் வரவில்லை.

மெத்தை முதலாளி ஒரு நாள் வந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "அமைதின்னா இதுதாம்மா அமைதி. என் மெத்தையை இங்க போட்டா நல்லாத் தூக்கம் வரும். ஞாயித்துக்கிழமை திரும்ப வர்றேன், அப்பவும் இப்படியே இருந்தா என் பங்கை நிறுத்திடுவேன். படத்தையெல்லாம் கட்டி அனுப்பிடுங்க" என்று என் மகளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாதியில் மூடினால் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கலைக்கூடத்தின் மேலதிகாரியும் சொல்லிவிட்டார். பிள்ளை அழவில்லை. நேராகவே இருக்கிற படங்களை ஒவ்வொன்றாகப் போய் நேராக்கினாள். "படம் எல்லாம் நல்லா இருக்குப்பா. அது மட்டும் நிஜம்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு எந்த அப்பன் சும்மா இருப்பான்?

நம் குடும்பத்தை நான் நன்றாக அறிவேன். நல்லது என்று கூப்பிட்டால் முட்டி வலி, மூச்சு வாங்குகிறது என்பார்கள். சண்டை என்று தெரிந்தால் கட்டுப் போட்ட காலோடு வந்து நிற்பார்கள். ஆகையால் வெள்ளிக்கிழமை வானொலி அத்தைக்கு போன் போட்டேன். (அவருக்கு இந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான்.) "ஞாயித்துக்கிழமை நானும் மச்சானும் கலைக்கூடத்துல வச்சு அந்தப் பழைய விஷயத்தைப் பேசித் தீர்க்கப்போறோம். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த விளம்பரம்.

ஞாயிறு காலை கதவு திறக்கும் முன்பே குடும்பமே வாசலில் நின்றது. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், உட்காரப் பாய் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். நான் தனியாக வெளியே நின்றால் குட்டு உடைந்துவிடும் என்று சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே நடந்தது காதில் விழுந்ததும், பிறகு மகள் வந்து சொன்னதும்தான். படங்கள் வந்த மரப்பெட்டிகள் அங்கேதான் கிடக்கின்றன. இதையும் அப்படி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். 'உடையும் பொருள், கவனம்' என்று அதில் எழுதியிருக்கிறது.

நம்மைக் காணாமல் பொழுது போகாத சனம் படம் பார்க்க ஆரம்பித்தது. கடைசிச் சுவரில் பெரிய படம் ஒன்று உண்டு. அதில் ஆள் இல்லை, மரம் இல்லை, மூலைக்கு மூலை வெறும் பச்சை. என்ன பச்சை என்கிறீர்கள்? என் வீட்டு முன்னறைக்கு நான் ஆசையாகப் பார்த்துப் பார்த்து அடித்த அதே பிஸ்தா பச்சை. நாலு வருஷத்துக்கு முன்னால் என் டீயைக் குடித்துக்கொண்டே, வந்தவர் போனவர் எல்லோர் முன்னாலும், "என்ன அத்தான், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு, நோயாளி யாரு?" என்று நீங்க கேட்டீங்களே, அதே பச்சை. வானொலி அத்தை அதன் முன்னால் போய் நின்று, "அடேயப்பா! பொண்ணு கெட்டிக்காரிதான். அந்தச் சுவரையே பேத்துக் கொண்டாந்து மாட்டிட்டா. இப்பவாவது நியாயம் தெரியட்டும்!" என்று ஹால் அதிரச் சொன்னார். தீர்ப்புக்காகத்தான் அந்தப் படத்தை வைத்திருக்கிறார்கள் என்று அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி என்று ஒரு கட்சி, பிஸ்தா என்று ஒரு கட்சி. கிட்ட போய்ப் பார்க்கிறார்கள், தள்ளி நின்று பார்க்கிறார்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். "வெயில் பட்டா பிஸ்தா, விளக்குப் போட்டா வார்டு" என்று தையல்கார சித்தப்பா நடுவில் ஒரு கட்சி ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார், கூடவே அந்தப் படத்தை வரைந்து, கண்காட்சியோடு ஊர் ஊராகப் போகும் வெளிநாட்டு அம்மா. ஒரு பச்சைப் படத்துக்காக இத்தனை பேர் கழுத்து நரம்பு புடைக்க வாதாடுவதைப் பார்த்து முதலாளி தானும் ஒரு கண்ணை மூடிப் படத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்?" என்று அந்த அம்மா கேட்க, நம்ம பிள்ளை சமாளித்தாள் பார், "இந்த நிறம் மனிதரை நோயாளி ஆக்குமா, குணமாக்குமா என்று விவாதிக்கிறார்கள்" என்று மொழிபெயர்த்தாள். அந்த அம்மா பொலபொலவென்று அழுதுவிட்டார். போன ஊரிலெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் ஒருத்தரும் நின்றதே இல்லையாம். முதலாளி அங்கேயே, "மாசக் கடைசி வரைக்கும் நடத்துங்க. இடையில சொல்லாம வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் கூட்டம் வருகிறது, இன்றைக்காவது நீ வருவாயா என்று பார்க்க. சம்பந்திகளைக் கூட்டி வருகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வருகிறார்கள், காத்திருக்கும் நேரத்தில் மற்ற படங்களுக்கும் கட்சி பிரிந்தாயிற்று. ஆனால் எத்தனை நாள்தான் ஏமாற்ற முடியும்? "இந்த ஞாயிறு வரைக்கும் பார்ப்போம். அதுக்கும் மேல எங்களுக்கும் வேலை வெட்டி இருக்கு" என்று வானொலி அத்தை நேற்று சொல்லிவிட்டார். அவர் போனால் எல்லோரும் போய்விடுவார்கள். அந்த நேரம் முதலாளி வந்து நின்றால் என் மகளுடைய வேலை போச்சு.

ஆகவே மச்சான், ('தாங்கள்' எங்கே கழன்று விழுந்தது என்று தெரியவில்லை, விடு) ஞாயிற்றுக்கிழமை வந்து என்னோடு சண்டை போடு. என்ன வேண்டுமானாலும் சொல். வேட்டியை மடித்துக் கட்டலாம், விரல் நீட்டலாம், படத்தை மட்டும் தொடக்கூடாது, கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். 'தொடரும்' போடுகிற மாதிரி பாதியில் நிறுத்திவிட்டால் மாசக் கடைசி வரை தாங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதே. அந்த ஓவிய அம்மாவின் தம்பி பிழைப்பானா மாட்டானா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டே இருந்த வார்டுச் சுவர்தான் அந்தப் படமாம். தம்பி எழுந்து நடந்துவிட்டானாம். பிள்ளை எனக்கு மட்டும் சொன்னாள். ஆக நீ சொன்னது சரி, அது ஆஸ்பத்திரிப் பச்சையேதான். இந்தச் சண்டையில் நான் தோற்றுவிட்டேன் என்று முன்கூட்டியே தெரிந்துதான் கூப்பிடுகிறேன், வா. அன்றைக்கு நீ கேட்டது எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அந்தச் சுவரைப் பார்த்து எவனும் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுவிட்டுப் போகிறார்கள். வீட்டில் உட்காரவே பிடிக்கவில்லை.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி, உனக்கு இரண்டிலும் பாதி. கோபம் குறையாமல் இருக்க வாழ்த்தும்,

உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. உறையை ஒட்டும் நேரத்தில் கலைக்கூடக் காவலர் டீ கொண்டுவந்தார். "சார், தொப்பி போட்ட ஒருத்தர் தினமும் வந்து அந்தப் பச்சைப் படத்துக்கு எதிர்ல உக்காந்திருக்கார். எல்லாரும் சண்டை எப்போன்னு கேக்கறாங்க, இவர் மட்டும் உங்களுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்கறார்" என்றார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். இடது காதைச் சொறிகிற அந்தக் கையை எனக்குத் தெரியாதா? ஆக, நான் உள்ளே ஒளிந்துகொண்டும் நீ வெளியே ஒளிந்துகொண்டும் ஒரே கூரைக்குக் கீழேதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறோம். தபால்தலை மிச்சம், இதைக் காவலரிடமே கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு சண்டை வேண்டாம், உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், காரியம் கெட்டுவிடும். நாம் ராசியாகிவிட்டது தெரிந்தால் ஹால் காலி, மாசக் கடைசி வரை வெளியே நாம் பகையாளிதான். படத்துக்கு வலது பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, பூட்டவில்லை. டீ இரண்டு கப் வந்திருக்கிறது. வானொலி அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறார், முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டு வா.