உயிரெழுத்து அண்ணனும் மூன்று சட்னியும்

ஒரு தட்டு இட்லியை வைத்துக்கொண்டு எந்த மனிதரையும் குழப்பிவிடக்கூடியவர் உலகத்திலேயே எங்கள் ‘உயிரெழுத்து’ அண்ணன் ஒருவர்தான். தொண்ணூறுகளில், கோவையில் நான் தங்கியிருந்த லாட்ஜில் எனக்குப் பக்கத்து அறை. பழைய மொழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிஜப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது.

மெஸ்ஸில் உட்கார்ந்ததும் தேங்காய், தக்காளி, மல்லி என்று மூன்று சட்னியையும் ஒன்றாகக் குழைப்பார்.

“ஆதியில எ, ஒ, அ மூணும் தனித்தனியா இருந்துச்சுங்க. அப்பறம் சமஸ்கிருதத்துக்கும் ஈரான் பாஷைக்கும் தாயா இருந்த பாஷையில மூணும் ‘அ’ ஆயிருச்சு. இப்ப இதுல தேங்காச் சட்னி எங்கீங்க?”

பரிமாறுகிறவர் பயந்துபோய் இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

முப்பத்தைந்து வயதாகியும் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணம் நான். பெண் வீட்டார் விசாரிக்க வந்தால் பக்கத்து அறைக்காரனைத்தானே கேட்பார்கள்? “காணாமப் போன எழுத்தைத் தேடறாருங்க” என்று உள்ளதைச் சொன்னேன். இரண்டு குடும்பங்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டன.

மூன்றாவது, பல்லடத்துச் சம்பந்தம். அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அண்ணன் சட்னி குழைப்பதையே மறந்திருந்தார். “கண்ணு, இந்த ஒருவாட்டி நல்லபடியாச் சொல்லிப்போடு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவமாக இருந்தது.

பெண்ணின் தாய்மாமன் வந்தார். சாயப்பட்டறை வைத்திருப்பவர்.

“ஏனுங்க தம்பி, மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?”

நல்லபடியாகச் சொல்லும் அவசரத்தில் என் வாயில் வந்தது சட்னிக் கதைதான். “மூணு... ஒண்ணாயிருச்சுங்க.”

“மூணு என்னங்க? சம்சாரமுங்களா?”

கதவுக்குப் பின்னால் நின்ற அண்ணன் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்து, எ, ஒ, அ கதை முழுவதையும் கொட்டிவிட்டார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

மாமன் சாயம் ஏறிய தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். “மூணு கலர் நூலையும் ஒரே கருப்புத் தொட்டியில முக்கிப்போட்டா, எது எதுன்னு எப்படிங்க கண்டுபுடிப்பீங்க?”

“முக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல கெடந்த நூலைப் பாக்கோணுங்க! சாயம் ஒட்டியிருக்குமல்லங்க? இதுவும் அப்படித்தானுங்க. ‘எ’ போயிருச்சு. ஆனா அதுக்கு முன்னால நின்ன ‘க’, ‘ச’வா மாறி நிக்குதுங்க. அந்த ‘ச’வைப் பாத்தா, அங்க ‘எ’ இருந்துச்சுன்னு அர்த்தமுங்க.”

“அட, நம்ம தொழிலுங்க இது!” என்று மாமன் எழுந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

அண்ணன் தனிக்குடித்தனம் போனார். பக்கத்து அறைக்கு வேறு ஆள் வந்தார். ‘எ’ ஏன் ‘அ’ ஆனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இட்லி வந்தால் என் கை தானாக மூன்று சட்னியையும் குழைக்கிறது, மனைவி முறைக்கிறாள். பக்கத்து அறையிலிருந்து ஒட்டிய சாயம். அது போகவும் வேண்டாம்.