பைலட் அண்ணாச்சியின் விண்வெளிப் பிரிவு

விண்வெளியையும் ராணுவத்தையும் ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்த மனிதர் உலகத்திலேயே பைலட் அண்ணாச்சி ஒருவர்தான். ஆமத்தூர் பக்கம் இருந்த அவருடைய பட்டாசு ஆலையில் ராக்கெட் ஷெட்டுக்கு விண்வெளிப் பிரிவு என்று பெயர். வெடி ஷெட் ராணுவப் பிரிவு. பஸ்ஸில் மதுரைக்குப் போனால் திருமங்கலத்தில் வாந்தி எடுப்பார் என்பதால் கார் வைத்திருந்தார். ராக்கெட் லேபிளில் மட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் போர் விமானம் ஓட்டிக்கொண்டிருப்பார்.

எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடி, ஓட்டல், லாரி என்று சுற்றிய நான், இரண்டாயிரத்துக்குப் பிறகு அங்கே லோடு ஏற்றப் போய்ச் சேர்ந்தேன். ஊருக்குள் ஓர் ஓலைக்குடிசையில் வாசம். மழை பெய்தால் உட்கார்ந்தே தூங்குவேன்.

அப்போது அவருடைய ராக்கெட் பனைமரத்தைத் தாண்டிப் போகும். கெடுத்தது சிவகாசி அச்சாபீஸ்தான். ஒரு சீசனில் லேபிளுக்குப் பளபளப்புப் பூச்சு ஏறியது. அடுத்த சீசனில் அட்டை மாதிரித் தடித்தது. பிறகு தங்கத்தாள் பார்டர் வந்தது. படம் வளர வளர ராக்கெட் இறங்கியது. பனையிலிருந்து தென்னை, தென்னையிலிருந்து வேம்பு. அண்ணாச்சி குச்சியை மாற்றினார், மருந்தை மாற்றினார், காற்றைத் திட்டினார். தன் படத்தை மட்டும் சந்தேகப்படவில்லை.

லேபிள் ஒட்டும் பேச்சியக்காதான் ஒருநாள் கேட்டாள். "ராக்கெட்டுக்குப் பட்டுச்சேலையச் சுத்திவிட்டு ஓடுன்னா, அது எங்கிட்டு ஓடும் அண்ணாச்சி?"

ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு, வியாபாரிகளுக்குச் சரக்கைக் கொளுத்திக் காட்டுவது வழக்கம். வடக்கேயிருந்து வரும் ஒரு சேட்டின் ஆர்டரில்தான் ராக்கெட் ஷெட் ஓடியது. அவர் கைவிட்டால் பேச்சியக்காவும் மற்றப் பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முதல் ராக்கெட் இடுப்புயரம் எழும்பியது. லேபிளில் இருந்த பைலட் சிரித்தபடியே பக்கவாட்டில் திரும்பி, சேட்டைத் தேடிப் போனார். சேட் நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

அண்ணாச்சி அடுத்த ராக்கெட்டை எடுத்து, தன் முகத்தைத் தானே நகத்தால் சுரண்டிக் கிழித்தார். வெறும் பழுப்புக் காகிதத்தோடு நின்ற ராக்கெட், பனைமரத்தைத் தாண்டிப் போனது. எல்லோரும் கைதட்டினோம். சேட்டும் தட்டினார். தட்டிவிட்டு, இப்படி மொட்டையாக இருந்தால் எவன் வாங்குவான் என்று கேட்டார். பழைய மெல்லிய லேபிள் போடலாமா என்று அண்ணாச்சி இழுத்தார். தங்கத்தாள் பார்த்த கடைக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள் என்று சொல்லி சேட் வண்டியேறினார். பறப்பது விற்காது, விற்பது பறக்காது. விண்வெளிப் பிரிவு அன்றோடு முடிந்தது.

சாயங்காலம் பெண்கள் வேனில் ஏறாமல் நின்றார்கள். நாளைக்கு வரலாமா என்று தெரியவேண்டியிருந்தது.

"ஏன் நிக்கீக? நாளையில இருந்து எல்லாரும் ராணுவம்" என்றார் அண்ணாச்சி.

"அங்கன ஏற்கெனவே ஆளு கூடுதலாச்சே" என்றாள் பேச்சியக்கா.

"பட்டாளத்துல ஆளு கூடுனா நல்லதுதான். காலையில வேன் வரும்."

இருந்த வேலையை எல்லோருக்கும் பங்கு வைத்தார். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கார்தான் போனது. அதற்குப் பிறகு மதுரைக்குப் பஸ்ஸில் போனார். திருமங்கலத்தில் வாந்தி எடுத்தார்.

மிச்சமிருந்த லேபிள் கட்டுகளை எடைக்குப் போடத் தூக்கினேன். தடுத்தார். "ஏலே, ஒங் கூரை ஒளுகுதுன்னியே. இதுல தண்ணி எறங்காது, கொண்டு போ."

கூரைக்கு உள்பக்கம் வரிசையாக ஒட்டினேன். அந்த மழைக்காலம் முழுக்கப் படுத்துத் தூங்கினேன். அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ கூரை. ஒழுகாத இடத்தில் படுத்தாலும் கண் மேலேதான் போகிறது, அந்தத் தொப்பிக்காரரைத் தேடி.