நல்லகாமன் வீட்டுக்கு ஒரு கார்டு

திரையில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாக மிதந்துபோய், முட்டி, திரும்பி வந்தது. முனீஸ்வரி நான்காவது முறையாக ஸ்விட்சை அணைத்துப் போட்டாள். கம்ப்யூட்டருக்குள் எல்லா விசிறியும் சுற்றின. புதிதாகச் சொருகிய கிராபிக்ஸ் கார்டில் நீல விளக்குகூட எரிந்தது. படம் மட்டும் வரவில்லை.

"வீடு வந்துருச்சா தாயி?" பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து நல்லகாமன் கேட்டார்.

"இன்னும் இல்லய்யா."

"கரண்டு வருதுல்ல?"

"கரண்டு வருது. வீடுதான் வரல."

வில்லாபுரத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து வீட்டுக்கு பிளான் வரைந்து கொடுப்பது முனீஸ்வரியின் தொழில். திருவாதவூரில் நெல் போடும் நல்லகாமன் இருபது வருட யோசனைக்குப் பிறகு வீடு கட்டத் துணிந்திருந்தார். பிளான் தயார். வியாழக்கிழமை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாளும் குறித்தாயிற்று. அவர் மனைவி ரெங்கம்மாள்தான் பிளானைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கோடு கோடா இருக்கு. இதுல அடுப்படி எதுன்னே தெரியல. உள்ள நடந்து பாத்தாத்தான் சரிம்பேன்" என்று சொல்லிவிட்டாள். அவனியாபுரத்தில் யாரோ ஒருவர் கட்டாத வீட்டுக்குள் கம்ப்யூட்டரிலேயே நடக்க வைத்துக் காட்டுகிறாராம். புதன்கிழமைக்குள் முனீஸ்வரி காட்டாவிட்டால் வேலை அங்கே போய்விடும்.

அவளுடைய கம்ப்யூட்டரோ பிளான் வரையவே பெருமூச்சு விடும் ஜாதி. போன ஐப்பசி இடியில் அதன் மதர்போர்டு புகைந்துபோக, மாசி வீதிப் பக்கம் பழைய சாமான் விற்கும் சேக் இஸ்மாயில் பாய் கடையில் வேறொரு பழைய போர்டு வாங்கி மாட்டியிருந்தாள். அதில் கட்டாத வீட்டுக்குள் நடந்து காட்டப் பார்த்தபோது, படம் வாசற்படியிலேயே நின்றுவிட்டது. அதற்குத்தான் இந்தக் கார்டு. போனில் விளம்பரம் பார்த்து, தல்லாகுளத்தில் முத்துப்பாண்டி என்ற வக்கீலிடம் நேற்று வாங்கி வந்தாள். "நல்ல கார்டுக்கா. கோர்ட்டு வேலையில கேம் விளையாட நேரமில்ல, அதான் குடுக்குறேன்" என்றார் அவர்.

முனீஸ்வரி தன் கொழுந்தன் கருத்தக்கண்ணனுக்குப் போன் போட்டாள். மில்லில் சூப்பர்வைசர். வீடியோ பார்த்தே ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் எல்லாவற்றையும் பழுது பார்ப்பவன். அந்த மூன்றும் இப்போது வீட்டில் புதிது.

வந்தவன் குனிந்து ஒரே ஒரு பார்வை பார்த்தான். "மதினி, இது பசிக்குது."

"எது?"

"கார்டு. இந்தக் கார்டுக்கு உங்க பவர் சப்ளை பத்தாது. யானைக்கு அரைப்படி சோறு போட்ட மாதிரி."

பெரிய பவர் சப்ளை வந்தது. பெட்டிக்குள் அது நுழையவில்லை. பக்கத்துத் தகரத்தைக் கழற்றி, அதை வெளியே ஒரு செங்கல் மேல் உட்கார வைத்தான். ஸ்விட்சைப் போட்டதும் கதிரறுக்கும் மிஷின் போல ஒரு சத்தம். திரையில் ‘நோ சிக்னல்’. கூடவே, மேஜைக்கடியிலிருந்த யூபிஎஸ் வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது.

"இது ஏன்ப்பா அழுகுது?" என்றார் நல்லகாமன்.

"இம்புட்டு லோடு தாங்காது பெரியப்பா" என்ற கருத்தக்கண்ணன், யூபிஎஸ்ஸைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு வயரை நேராகச் சுவரில் சொருகினான். அழுகை நின்றது. இப்போது கம்ப்யூட்டர் வேறு குரலில் கூப்பிட்டது. ஒரு நீள பீப், இரண்டு சின்ன பீப்.

"பாத்தீங்களா மதினி, பேசுது. நல்ல அறிகுறி."

"என்ன சொல்லுது?"

"கார்டு தெரியலங்குது."

"அது எனக்கே தெரியுமே தம்பி."

அவன் ராம் என்ற மெமரிப் பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்தான். கார்டின் பல்லையும் தேய்த்தான். மாட்டினால் பீப் மூன்றிலிருந்து ஐந்தானது. முனீஸ்வரி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதோடு போனது.

புதன் காலை நல்லகாமன் ஓலைப்பெட்டியில் கொஞ்சம் நிலக்கடலையோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கருத்தக்கண்ணனும் லீவு போட்டுவிட்டு வந்தான்.

"கண்டுபிடிச்சுட்டேன் மதினி. போர்டுக்குள்ள பயாஸ்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் முழிச்சதும் யாரு எவருன்னு அதுதான் அடையாளம் சொல்லும். உங்களது ரொம்பப் பழசு, இந்தக் கார்டை அதுக்கு அறிமுகமில்ல. புதுசு ஏத்திட்டா முடிஞ்சுபோச்சு."

"ஏதும் ஆயிராதுல்ல?"

"நடுவுல கரண்டு மட்டும் போகக்கூடாது."

கார்டைக் கழற்றிவிட்டு, கார்டு இல்லாமல் போர்டே காட்டும் சாதாரணப் படத்தில் வேலையை ஆரம்பித்தான். நாற்பது சதவீதம். அறுபது. மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். எண்பத்திரண்டில் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி மெல்ல நின்றது.

மூலையில் யூபிஎஸ், எதிலும் சொருகப்படாமல், சும்மா உட்கார்ந்திருந்தது.

கரண்டு வந்தபோது கம்ப்யூட்டர் வரவில்லை. ஒரு பீப்கூட இல்லை. நேற்று வரைக்கும் பிளானாவது வரைந்துகொண்டிருந்த மிஷின் அது.

"எனக்கு ரெண்டு மணி ஷிப்டு இருக்கு. வாரேன் மதினி" என்றான் கருத்தக்கண்ணன்.

"லீவுன்ன?"

"அது காலையில."

நல்லகாமன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. "என்ன தாயி செய்ய? அவனியாபுரத்தைத்தான் பாக்கணும்" என்று வருத்தமாகச் சொன்னார்.

முனீஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிரிண்ட் போட்டு வைத்திருந்த பிளானைச் சுருட்டிக் கையில் எடுத்தாள். "அய்யா, கோலமாவு ரெண்டு படி வாங்குங்க. நானும் உங்க கூட வாரேன்."

திருவாதவூரில் அந்த வெறும் மனையில், வெயிலோடு வெயிலாக, டேப்பைப் பிடித்து அளந்து வீட்டை முழு அளவில் கோலமாவால் போட்டாள். ரெங்கம்மாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கூடம், படுக்கையறை, அடுப்படி என்று நடந்தாள். அடுப்படியில் நின்று கையைச் சுழற்றிப் பார்த்தாள்.

"ஏம்மா, நான் இங்கன நின்னு தோசை சுட்டா, இந்தக் கதவு என் இடுப்புலல்ல இடிக்கும்?"

முனீஸ்வரி பார்த்தாள். இடிக்கத்தான் செய்யும். எந்தக் கார்டும் அதைச் சொல்லியிருக்காது. கோட்டைக் காலால் அழித்துக் கதவை மாற்றிப் போட்டாள். ரெங்கம்மாள் மறுபடி நடந்துவிட்டு, "இதைத்தானம்மா நான் கேட்டேன். இதுக்கு எதுக்கு ரெண்டு நாளா இந்த மனுசனை அங்க உக்கார வச்சிருந்த?" என்றாள். மறுநாள் காலை அந்தக் கோட்டின் மேலேயே வானம் தோண்டினார்கள்.

வேலை நிலைத்தது. ஆனாலும் முனீஸ்வரிக்கு மனசு ஆறவில்லை. வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரை அப்படியே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு சேக் இஸ்மாயில் பாயிடம் போனாள். பாய் பயாஸைத் திரும்ப எழுதி உயிர் கொடுத்தார். பிறகு போர்டில் வேறு கார்டைப் போட்டார், படம் வந்தது. கார்டை வேறு போர்டில் போட்டார், அதிலும் வந்தது.

"ரெண்டும் தங்கமா இருக்கும்மா. ஆனா ஒண்ணுக்கொண்ணு ஆகாது. கார்டைக் குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

வக்கீல் வாயால் ஜெயிக்கிறவர். வெறும் கார்டை நீட்டினால் நம்பமாட்டார். கண்ணெதிரே போட்டுக் காட்டிவிடுவது என்று ஆட்டோவை அப்படியே தல்லாகுளத்துக்கு விடச் சொன்னாள்.

முத்துப்பாண்டி கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி பாண்டீஸ்வரிதான் கதவைத் திறந்தாள். முனீஸ்வரி பெட்டியை ஹாலில் இறக்கிவைத்து, மூச்சுவாங்க, நோ சிக்னலில் ஆரம்பித்து எண்பத்திரண்டு சதவீதம் வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டினாள். பாண்டீஸ்வரி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே திறந்திருந்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவள், இன்னும் கொஞ்சம் குனிந்து, போர்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இந்தச் செவப்புப் பொட்டு என்னோட நகப்பாலிஷ். எந்த வயரு எங்கன்னு அவரு மறந்துருவாருன்னு நான் வச்சது. ரெண்டு மாசம் மல்லுக்கட்டிப் பாத்து, இந்த ரெண்டும் ஒத்தே போகாதுன்னுதான் போர்டை மாசி வீதியில பாய் கடையிலயும் கார்டை உங்ககிட்டயும் தள்ளிவிட்டோம். அம்புட்டுப் பாடுபட்டுப் பிரிச்சு விட்டதை, எங்க போயிக்கா தேடிப்பிடிச்சுச் சேர்த்து வச்சீங்க?"