ஏலிக்குட்டியின் ஏழு விநாடிகள்

கைனகரி,
கர்க்கடகம் 9

மதிப்பிற்குரிய சினிமா வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

தண்ணீர் வாரியத்தில் ஓய்வுபெற்ற ஈப்பன் குருவிளா பணிவோடு எழுதுவது. தாங்களும் குடும்பத்தாரும் நலம் என நம்புகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குப் பாதிக் காரணம் தாங்கள்.

எங்கள் படகுத்துறையில் எடுத்த மலையாளப் படத்தைவிட அதன் தெலுங்கு ரீமேக் மேல் என்று மூன்றரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்கள். எந்தக் கண்ணால் பார்த்தீர்கள்? எங்கள் நாயகன் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் தின்றுவிட்டு, பேசாமல் ஊரைவிட்டுப் போவான். அவர்கள் நாயகன் தட்டில் கை வைக்கும் முன் பதினொரு பேரை அடிக்கிறான், சோறு ஆறிப்போகாதா? எங்களுக்குப் பெய்தது நிஜ மழை, படக்குழுவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். அங்கே லாரித் தண்ணீர், பின்னால் வெயில் பல்லிளிக்கிறது. எங்கள் வீடு ஒழுகும். அங்கேயும் ஒழுகுகிறது, பளிங்குத் தரையில்! கடைசிக் காட்சிக்கு முன்பே தியேட்டரைவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் காட்சியைப் பார்க்க மனம் வரவில்லை. எங்கள் படத்தில் நாயகன் படகேறும்போது, கறுப்புக் குடையோடு ஒரு பெண் ஏழு விநாடி கரையில் நடந்து போவாள். அது என் மனைவி ஏலிக்குட்டி. போன வருஷம் இதே கர்க்கடக மாதத்தில் இறந்துபோனாள். போட்டோக்களில் எல்லாம் நிற்கிறாள். நடப்பது அந்த ஓரிடத்தில்தான். ஓணத்துக்கு ஓணம் டிவியில் போடுவார்கள். "என் நடிப்பு வருது, வாயை மூடிட்டுப் பாருங்க" என்பாள். சிடி வெள்ளத்தில் போயிற்று, நெட்டில் பாட்டு மட்டும்தான் இருக்கிறதாம். இந்த ஓணத்துக்கு, உங்கள் நட்சத்திரத்தை நம்பி, சேனல்காரர்கள் ரீமேக்கைப் போடுகிறார்களாம். பழைய படத்தையே போடச் சொல்லி ஒரு வார்த்தை எழுதுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தங்கள் இதழ் பல்லாண்டு வாழவும், நட்சத்திரங்கள் குறையவும் கர்த்தரை வேண்டும்,
ஈப்பன் குருவிளா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் லிஜி, "அப்பச்சா, முழுசாப் பாக்காம திட்டாதீங்க" என்று அந்தக் கடைசிக் காட்சியைச் செல்போனில் காட்டினாள். மஞ்சள் புடவையில் யாரோ ஒருத்தி குடையோடு போகிறாள். பாதி வழியில் நின்று, திரும்பிப் பார்த்தாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏலிக்குட்டி திரும்பவில்லை, ஐயா. கேமராவைப் பார்க்காதீர்கள் என்று இயக்குநர் கத்தக் கத்தக் கரையில் நடந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்து, எட்டு முறை வீணாயிற்று. ஒன்பதாவது முறை கேமராவுக்குப் பின்னால் நின்று நானே அவளைக் கூப்பிட்டேன். எடுத்து முடித்ததும் கேட்டேன்:

"ஏன்டி, கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சு. பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

ஜன்மத்தில் அவள் பிறத்தியார் சொல்லைக் கேட்டது அன்றைக்குத்தான். ஏழு விநாடியும் முதுகுதான்.

கடிதத்தை அச்சிட வேண்டாம். அந்த மஞ்சள் புடவைக்காரி திரும்பிப் பார்த்தாளே, அதற்காக மூன்றரையை நாலாக்கிவிடுங்கள்.