ஒருக்கா அண்ணையின் கட்டைப் புதினா

எந்த வேலையையும் இரண்டாம் தரம் செய்யாமலே ஒரு முழு வாழ்க்கையை ஓட்டிவிடலாம் என்று காட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில், என் பக்கத்து வீட்டில் இருந்தார். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் 'ஒருக்கா' அண்ணை.

வடக்கே பாட்ஸ்பியோர்ட் ஊரின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் ஒட்டிய பழக்கமாம். "ஒரு மீனிலை ஒருக்காத்தான் கத்தி வைக்கோணும். ரெண்டாந்தரம் வைச்சால் மீன் பழுது" என்பார். அதை மீனோடு விட்டாரா? நான் குடிவந்த அன்று வணக்கம் சொன்னார், அதோடு சரி. பிறகு எங்கே கண்டாலும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டுவார். ஏன் என்று கேட்டேன்.

"அண்டைக்குச் சொன்னனான்தானே தம்பி. அது இன்னும் பழுதாகேல்லை."

ஒரு வசந்தத்தில் பக்கத்து ஊர் ஸ்ட்ரோம்மனில் ஒரு கடையிலிருந்து ஒரு செடியோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"தம்பி, இது ஒருக்கா நட்டால் காணும். பசளை வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். பனிக்குள்ளை செத்த மாதிரிக் கிடக்கும், வெயில் வரத் தானா எழும்பும்."

"என்ன செடி அண்ணை?"

"கட்டை மிண்ட். சட்டியிலை செருகின அட்டையிலை எழுதிக் கிடக்கு. மிண்ட் எண்டால் புதினா. கட்டை எண்டால் கட்டை. உயரம் வளராத புதினா."

செடி பற்றையாகப் பெருகி, நீலமாகப் பூத்தது. என் மகளின் பிறந்தநாளுக்கு அண்ணை அதிலே சம்பல் அரைத்து ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தார். கொஞ்சம் கசந்தாலும் றோல்ஸுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாகத்தான் இருந்தது. தோட்டத்தில் எல்லோரும் வழித்து வழித்துச் சாப்பிட்டோம்.

அப்போதுதான் வேலியைத் தாண்டி ஒரு பூனை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு தெருவில் இருந்த பூனையெல்லாம் வந்தன! நான் வாயைப் பிளந்தபடி நிற்க, முன்வீட்டு நோர்வேப் பெண் ரான்டியின் தடித்த பூனை மோன்ஸ் மேசையில் பாய்ந்து, சட்டிக்குள் தலையை விட்டு, புரண்டு, என் மனைவியின் சேலையில் பச்சையாக விழுந்தது. பூனையைத் தேடி வந்த ரான்டி சம்பலை மணந்து பார்த்துவிட்டு அலறினார்.

"கட்டெமிண்டெ! இது பூனைகளை மயக்குகிற செடி!"

நோர்ஸ்க் மொழியில் 'கட்ட்' என்றால் பூனை. அது அண்ணைக்கும் தெரியும். ஆனால் ஒரு சொல்லை ஒருக்கா விளங்கிக்கொண்டால் மறுபடி யோசிக்கிற ஆள் அவர் இல்லை.

"ஐயோ, பூனையின்ரை சாமானையே இவ்வளவு நேரமும் திண்டனாங்கள்?" என்றாள் என் மனைவி.

"ஏன் பிள்ளை பதறுறீர்? ஒருக்காத்தானே திண்டனியள்" என்றார் அண்ணை.

அன்றிலிருந்து மோன்ஸ் அந்தப் பற்றையிலேயே குடியேறிவிட்டது. ரான்டி தினமும் வேலியடியில் நின்று கூப்பிடுவார். அது திரும்பியும் பாராது. முந்தின வருடம்தான் அவருடைய கணவர் இறந்திருந்தார். "வீட்டில் நான் பேசுவதற்கு மோன்ஸ் ஒருவன்தான் இருந்தான்" என்று ஒருநாள் என்னிடமும் அண்ணையிடமும் சொன்னார். அண்ணை உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை யன்னலைத் திறந்த நான் திகைத்துப்போனேன். ரான்டி வீட்டு வாசலில் அண்ணை முழங்காலில் இருந்து, வேரோடு கிளப்பிவந்த அதே செடியை நட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வேறு! விழுந்தடித்து ஓடினேன்.

"அண்ணை, நீங்களோ ரெண்டாந்தரம் நடுறியள்?"

"ஆர் சொன்னது? இந்த வீட்டிலை இதுதான் முதல்தரம்."

படியில் இருந்த ரான்டியின் மடியில், உருண்டு களைத்த மோன்ஸ் குறட்டை விட்டது. அண்ணை எழும்பினார். பிடிபட்டுவிட்ட கூச்சம். கையிலே மண். என்னைப் பார்த்து, "வணக்கம் தம்பி" என்றார்.

இப்போது அவர் மகளோடு லண்டனில் இருக்கிறார். எனக்கு அந்த மனிதரை நிறையப் பிடிக்கும். அந்த இரண்டாவது வணக்கம் இன்னும் பழுதாகவில்லை.